பக்கச்சார்பைத் தேடிய வரலாறு: சேத்துப்பட்டு முதல் வேலூர் வரை

மருத்துவ ஆய்வில் பக்கச்சார்பு என்பது முடிவை உண்மையிலிருந்து ஒரே திசையில் விலக்கிக்கொண்டு போகும் பிழை. தற்செயலாக நேரும் பிழை வேறு வகை. ஆய்வில் சேரும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் அது குறையும். பக்கச்சார்பு அப்படிக் குறையாது. பழுதான தராசில் நூறு முறை நிறுத்தாலும் எடை அதே அளவு தப்பாகத்தான் வரும். இதற்கு யாரும் பொய்க் கணக்கு எழுத வேண்டியதில்லை. நல்லெண்ணமுள்ள ஒரு மருத்துவர், தேறிவிடுவார் என்று தன் மனத்துக்குப் படுகிற நோயாளிக்குப் புது மருந்தைக் கொடுத்து, தேறமாட்டார் என்று படுகிறவருக்குப் பழைய மருந்தைக் கொடுத்தாலே போதும். மருந்து வேலை செய்யாவிட்டாலும் வேலை செய்ததாகவே கணக்கு வரும்.

ஓர் ஆய்வில் இந்தப் பிழை எந்த வழியாக நுழைந்திருக்கக்கூடும் என்று துருவிப் பார்ப்பது இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கான வினாப்பட்டியல்கள் எழுதப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அந்த வினாக்களுக்கான விடைகளோ அதற்கு முன்பே நடைமுறையில் கண்டறியப்பட்டிருந்தன. பெரும்பங்கு காசநோய் ஆய்வுகளில்; அவற்றிலும் குறிப்பிடத்தக்க பங்கு தமிழ்நாட்டில்.

காசநோய் இதற்குக் களமானதற்குக் காரணம் அந்த நோயின் போக்கு. அது மெதுவாக வளரும். சிலருக்கு மருந்தில்லாமலே தணியும். தணிந்தது மீண்டும் கிளம்பும். எக்ஸ்ரே படத்தில் தெரியும் நிழல் சுருங்கியிருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போவது அரிது. எனவே ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு, குணமானதற்கு அதுவே காரணம் என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. தங்க உப்பு ஊசி, மலைக்காற்று, நுரையீரலைச் சுருங்கவைக்கும் காற்றூசி என்று ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கையாளர்கள் இருந்தார்கள்.

இத்தகைய கணக்குகளில் பிழை எப்படி நுழைந்தது என்பதற்கு நியூயார்க் நகரின் பி.சி.ஜி. தடுப்பூசிக் கணக்கைப்போல் தெளிவான சான்று வேறில்லை. லெவின், சாக்கெட் என்ற இருவர் அதை 1946இல் வெளியிட்டார்கள். முதல் கட்டமான 1927 முதல் 1932 வரை, காசநோயாளி உள்ள வீட்டுக் குழந்தைகளில் யாருக்கு ஊசி போடுவது என்பதை மருத்துவர்களே தீர்மானித்தார்கள். ஊசி போட்ட 445 குழந்தைகளில் 3 பேர் காசநோயால் இறந்தார்கள். போடாத 545 பேரில் 18 பேர். ஊசி ஐந்தில் நான்கு பங்கு சாவைத் தடுத்துவிட்டதுபோலத் தோன்றியது. 1933 முதல் 1944 வரை மருத்துவரின் விருப்பத்தை நீக்கிவிட்டு, ஒரு குழந்தை விட்டு ஒரு குழந்தைக்கு ஊசி என்று முறை மாறியது. இப்போது ஊசி போட்ட 566 பேரில் 8 சாவு. போடாத 528 பேரிலும் 8 சாவு. முதல் கட்டத்தில் மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு நடக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் ஊசி போட்டிருந்தார்கள். தவறாமல் மருத்துவமனைக்கு வரும் தாயின் குழந்தை, ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று விட்டு ஒன்று என்ற முறையிலும் ஓட்டை இருந்தது. அடுத்து வருபவருக்கு எது என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரியும். வேண்டியவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னால் வேலை முடிந்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு அந்த ஓட்டையை அடைத்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் தற்செயல் எண்களைக் கொண்டு ஒதுக்கீட்டைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் ஒட்டிய உறைக்குள் வைத்தார். நோயாளி ஆய்வில் சேர்க்கப்பட்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தவருடையது என்று சொல்லப்படவில்லை. ஆறு மாத முடிவில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

இந்தக் கவுன்சிலோடு தொடர்புடையவர்தான் 1956இல் சென்னைக்கு வந்த வாலஸ் ஃபாக்ஸ். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. (இது சென்னை நகரத்துச் சேத்துப்பட்டு, திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு வேறு ஊர்.) அவர்கள் முன் இருந்த கேள்வி எளியது, ஆனால் விடையைப் பொறுத்து லட்சக்கணக்கான உயிர்கள் இருந்தன. காசநோய்க்குச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் சேர்த்துத்தான் சிகிச்சை அளிக்க வேண்டுமா? இந்தியாவில் அன்றிருந்த படுக்கைகள் நோயாளிகளில் மிகச் சிறு பகுதிக்கும் போதாது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் சேர இடம் கிடைப்பது பெரும்பாலோருக்குக் கைக்கெட்டாத காரியம்.

சென்னை நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட், அதனுடன் பாஸ், ஓராண்டுக்கு. பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கு. யார் எங்கே என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. இந்த இடத்தில்தான் முறையின் அருமை தெரிகிறது. குலுக்கல் இல்லாமல் விட்டிருந்தால் முற்றிய நோயாளியைச் சானடோரியத்துக்கும் லேசாக இருப்பவரை வீட்டுக்கும் அனுப்பவே எந்த மருத்துவரின் கையும் நீளும். அது மனிதாபிமானம்தான். ஆனால் அப்படி அனுப்பிவிட்டு இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டால், வீடே மேல் என்று பொய்யாகத் தெரிந்திருக்கும்.

குலுக்கலோடு வேலை முடியவில்லை. சானடோரியத்தில் செவிலியர் கண்முன் மாத்திரை விழுங்கப்பட்டது. வீட்டில் விழுங்கினார்களா என்று எப்படி அறிவது? பாஸ் மருந்தை நாள்தோறும் பல கிராம் சாப்பிட வேண்டும். கசப்பு, வயிற்றைப் புரட்டும். விட்டுவிட ஆசை வருவது இயல்பு. மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிவந்து மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். நோயாளி எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை அவரிடமிருந்தோ சிகிச்சை தரும் மருத்துவரிடமிருந்தோ மறைக்க வழியே இல்லை. வீட்டில் இருப்பவருக்கு வீட்டில் இருப்பது தெரியாதா என்ன? எனவே மறைக்க முடிந்த இடத்தில் மறைத்தார்கள். எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர் வெளியாள். எந்தப் படம் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாது. முடிவான அளவுகோலாக வைக்கப்பட்டது சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்று கிருமிக்குத் தெரியாது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் வீட்டுக் குழுவில் 86 சதவீதம் பேருக்கும், சானடோரியக் குழுவில் 92 சதவீதம் பேருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. எடையும் அவர்களுக்கே அதிகம் கூடியது. அந்தச் சலுகைகளுக்குப் பிறகும் வித்தியாசம் இவ்வளவுதான். நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. வீட்டில் நோயாளியை வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டதற்கு இந்த ஆய்வே தூணாக இருந்தது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்ததிலும் இதற்குப் பங்குண்டு.

காசநோய் ஆய்வின் இரண்டாவது பெரிய அத்தியாயம் இத்தனை இனிமையானதல்ல. 1948இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. சில ஆண்டுகளில் நாடெங்கும் ஊசி இயக்கம் தொடங்கியது. 1955இல் ராஜாஜி இதை வெளிப்படையாக எதிர்த்துச் சிறுநூல் ஒன்றே எழுதினார். மருத்துவர்கள் அவரை மூடநம்பிக்கையாளர்போல் நடத்தினார்கள். ஆனால் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்றை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது: பலன் உண்டென்பதற்கு இந்த நாட்டில் சான்று எங்கே? அன்றிருந்த ஆய்வுகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தன. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளிடையே நடந்த பெரிய ஆய்வில் ஊசி சுமார் 80 சதவீதம் பாதுகாப்பு அளித்தது. வேறு சில இடங்களில் பலன் மிகக் குறைவாகவே தெரிந்தது.

இந்தக் கேள்விக்கு விடை காண 1968இல் தொடங்கியதுதான் செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் களம். சுமார் 2.8 லட்சம் பேருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ போடப்பட்டது. இரண்டு வேறு வகைத் தடுப்பூசிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வேறு அளவுகள், இவற்றோடு போலி ஊசி. குப்பிகளில் குறியீடு மட்டும் இருந்தது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்து, சந்தேகம் உள்ளவர்களின் சளியைச் சோதித்தார்கள். இவ்வளவு கவனமாக எந்தத் தடுப்பூசி ஆய்வும் அதற்கு முன் நடந்ததில்லை என்று பலரும் கருதினார்கள்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளிவந்தபோது, பி.சி.ஜி. பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் நுரையீரல் காசநோய் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருந்தது. உலகம் திடுக்கிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் நிபுணர் குழுக்களைக் கூட்டின. எங்கே தவறு நேர்ந்திருக்கும் என்று எல்லாப் பக்கமும் தேடினார்கள். ஊசி மருந்து வீரியம் இழந்திருந்ததா? குறியீடுகள் மாறிப்போயினவா? பி.சி.ஜி. ஊசி கையில் தழும்பு விடும். அந்தத் தழும்பைப் பார்த்த ஊழியர்கள் யாருக்கு எது என்று ஊகித்திருப்பார்களா? ஆனால் தழும்பைப் பார்த்து ஊகிப்பவர்கூடச் சளிச் சோதனையின் முடிவை மாற்ற முடியாது. ஆய்வை உடைக்கும் அளவுக்கு எந்தப் பிழையும் அகப்படவில்லை. பிரிட்டிஷ் ஆய்வு நல்ல பலன் சொன்னபோது அதை இந்த அளவுக்குத் துருவியவர்கள் குறைவு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிடிக்காத முடிவு வந்தால்தான் பூதக்கண்ணாடி வெளியே வருகிறது. இதுவும் ஒரு பக்கச்சார்புதான், ஆய்வாளரிடம் இல்லாவிட்டாலும் வாசகரிடம்.

1983இல் கிளெமென்ஸ், ஃபைன்ஸ்டைன் முதலியோர் அதுவரை நடந்த எட்டு முக்கிய பி.சி.ஜி. ஆய்வுகளையும் எடுத்து, ஒரே வினாக்களை எல்லாவற்றிடமும் கேட்டார்கள். பிழைக்கு இடம் தராமல் நடந்தவை எவை, கணக்கில் துல்லியம் உள்ளவை எவை என்று பார்த்து, முடிவுகள் முரண்படுவதற்கு முறையில் உள்ள வேறுபாடுகளும் ஒரு காரணம் என்று வாதிட்டார்கள். 1994இல் கோல்டிட்ஸ் குழுவினர் இன்னும் விரிவாக, ஆய்வுகளின் தரத்துக்கு மதிப்பெண் இட்டுத் தொகுத்தார்கள். சராசரிப் பாதுகாப்பு 50 சதவீதம் என்று வந்தது. ஆய்வுகளிடையே இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை இரண்டு விஷயங்கள் விளக்கின: ஆய்வின் தரம் ஒன்று, அது நடந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணம் பக்கச்சார்பைச் சேர்ந்ததல்ல. ஓர் ஆய்வு தன் களத்துக்குச் சரியான விடையைச் சொல்லியிருக்கலாம். அந்த விடை வேறு களத்துக்குப் பொருந்தாமல் போகலாம். திருவள்ளூர்ப் பகுதி மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமிகள் ஏராளம். சிறுவயதிலேயே அவற்றுக்குப் பழகிய உடலில் பி.சி.ஜி. புதிதாகச் சேர்க்கக்கூடியது குறைவு என்பது வலுவான விளக்கங்களில் ஒன்று. 15 ஆண்டுக் கணக்கு 1999இல் வந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறுவர்களுக்கு 27 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைப் பற்றி இந்த ஆய்வால் எதுவும் சொல்ல முடியவில்லை. அது அதற்கென்று வடிவமைக்கப்படவும் இல்லை. அந்த வகைக்கு ஊசி நல்ல பாதுகாப்பு தருகிறது என்று மற்ற ஆய்வுகள் காட்டியதால்தான் பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடுவது நிற்கவில்லை. திருவண்ணாமலையிலும் அதை அடுத்த வேங்கிக்காலிலும் இன்று பிறக்கும் குழந்தையின் இடது தோளில் விழும் ஊசிக்குப் பின்னால் இந்த முழு வழக்கும் இருக்கிறது.

வினாக்களை முறைப்படுத்தும் வேலை 1990களில் வேகம் பிடித்தது. 1993இல் பிரிட்டனில் காக்ரேன் கூட்டமைப்பு உருவானது; நல்ல ஆய்வுகளையெல்லாம் திரட்டித் தொகுப்பதே அதன் வேலை. திரட்டும்போது எதை நம்புவது என்ற கேள்வி தானாக எழும். 1995இல் கென்னத் ஷுல்ஸ் குழுவினர் 250 ஆய்வுகளை அலசி ஒரு கணக்கைச் சொன்னார்கள்: அடுத்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சரியாக மறைக்காத ஆய்வுகள், மறைத்த ஆய்வுகளைவிடப் பலனை ஏறத்தாழ 40 சதவீதம் மிகைப்படுத்துகின்றன. 1948இல் ஹில் ஒட்டிய உறையின் மதிப்பு அப்போதுதான் எண்ணாக வெளிப்பட்டது.

ஆய்வுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களும் பெருகின. 1996இல் வந்த ஜடாட் பட்டியல் ஐந்துக்கு எத்தனை என்று சொல்லும். அதில் இரண்டு மதிப்பெண் இருதரப்புக்கும் மறைத்ததற்கு. அந்த அளவுகோலை 1959இன் சென்னை ஆய்வின்மேல் வைத்தால், அது எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும் மூன்றைத் தாண்டாது. வீட்டையும் சானடோரியத்தையும் நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது என்பதைப் பட்டியல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பெண் முறையின் பலவீனம் இதுதான். 2008இல் காக்ரேன் வெளியிட்ட கருவி கூட்டல் கணக்கை விட்டுவிட்டு, பிழை நுழையும் ஒவ்வொரு வாசலையும் தனித்தனியாகப் பார்த்து, இடர் குறைவு, அதிகம், தெளிவில்லை என்று சொல்லச் சொன்னது. 2019இல் அது மேலும் திருத்தப்பட்டது. ஆய்வு முழுவதற்கும் ஒரே தீர்ப்பு என்பது போய், ஒவ்வொரு முடிவுக்கும் தனித் தீர்ப்பு என்றானது.

புதிய கருவியின் ஐந்து வாசல்களிலும் சென்னை ஆய்வை நிறுத்திப் பார்க்கலாம். குலுக்கலில் குறை சொல்ல அதிகம் இல்லை. தங்கள் குழு எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் சிகிச்சை திசைமாறியதா என்று கேட்டால், மாத்திரை எண்ணிக்கையும் சிறுநீர்ச் சோதனையும் விடை சொல்கின்றன. இடையில் விலகியவர்களைப் பற்றிய கேள்வி அடுத்தது. நீண்ட நாள் அடைபட்டுக் கிடக்கும் இடத்திலிருந்து நோயாளிகள் கிளம்பிப்போவது வழக்கம், அவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் மிச்சமிருப்பவர்கள் தேறியவர்களாகவே தெரிவார்கள். அளவிட்ட விதத்தில், சளிச் சோதனையின் முடிவுக்கு இடர் குறைவு. அதே ஆய்வில் ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்று நோயாளியைக் கேட்டு எழுதிய விடையைப் பயன்படுத்தினால் இடர் அதிகம். கடைசி வாசல் வேறு மாதிரி: கிடைத்த பல முடிவுகளில் அழகானதை மட்டும் பொறுக்கி வெளியிட்டார்களா? இதற்கு விடை சொல்ல, ஆய்வு தொடங்கும் முன் எழுதிய திட்டம் யாவரும் பார்க்கும்படி எங்கேனும் இருக்க வேண்டும். 1956இல் அப்படி ஓர் ஏற்பாடு உலகில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தத் தொகுப்புக் கலை வேரூன்றிய இடம் திருவண்ணாமலையிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரதாப் தர்யன் தலைமையில் தென்னாசியக் காக்ரேன் மையம் அங்கே இயங்கியது. ஆய்வுகளை எடைபோடும் முறையை மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் அது பயிற்றுவித்தது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சந்தா கட்டி, காக்ரேன் நூலகத்தை நாட்டில் இணையம் உள்ள எவரும் இலவசமாகப் படிக்க வழி செய்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவரும் பெருநகரப் பேராசிரியரும் ஒரே தொகுப்பைப் பார்க்க முடிந்தது.

அதே 2007 ஜூலையில் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. எந்த நோயாளிகளைச் சேர்க்கப் போகிறோம், எப்படிக் குலுக்கப் போகிறோம், எதை அளவிடப் போகிறோம் என்பதை முதல் நோயாளி சேரும் முன்பே அதில் எழுதிவைக்க வேண்டும். தொடக்கத்தில் இது விருப்பம்போல்; 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி பெறும் பரிசோதனைகளுக்குக் கட்டாயமானது. சென்னை ஆய்வின் ஐந்தாவது வாசலில் நின்றுபோன கேள்விக்கு, அதற்குப் பின் இங்கு நடக்கும் பரிசோதனைகளில் பதிவேட்டைத் திறந்து விடை பார்க்க முடிகிறது: முன்பு எழுதியதையும் பின்பு அச்சிட்டதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் போதும்.